பவர் கண்ணாடியை இணையத்தில் வாங்குவதும், உடைந்த பிரேமைச் சீர்செய்வதும்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் கிழிந்த மீன்வலைகளைப் பொத்திக் கொடுக்கும் என் சித்தப்பாவுக்கு இணையத்தில் முதல் பவர் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வலைக்கண்களைப் பார்த்தவர், "நெத்தியப் போட்டு இழுக்குது தம்பி" என்று கழற்றி வைத்துவிட்டார். பவரில் பிழை இல்லை. இரு கருவிழிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்காமல், படிவத்தில் ஏற்கெனவே இருந்த 63 மில்லிமீட்டரை அப்படியே விட்டிருந்தேன். கிட்டத்தில் பார்ப்பதற்கு அவருக்கு வேண்டியது 56தான். இதே தவறை வேறு யாரும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் கண் பரிசோதனை. பழைய கண்ணாடியின் பவரையே திரும்பக் கொடுத்து வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். வெயிலிலும் உப்புக் காற்றிலும் வேலை செய்யும் நம் கடற்கரை மக்களில் பலருக்கு வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகர்வதுண்டு. அது கருவிழியின் வளைவையே மாற்றி, பவரையும் மாற்றிவிடும். ஆகவே மருத்துவரிடமோ கண் பரிசோதகரிடமோ நேரில் காட்டி, புதிய சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; கருவிழித் தூரத்தையும் அதில் குறித்துத் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

அடுத்து, சீட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓடி (OD) என்பது வலக்கண், ஓஎஸ் (OS) என்பது இடக்கண். ஸ்பியர் என்ற கட்டத்தில் கழித்தல் குறி இருந்தால் தூரப் பொருள் தெளிவாகத் தெரிவதற்கான பவர். கூட்டல் குறி இருந்தால் அதற்கு எதிரான வகை. சிலிண்டர் என்பது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததைச் சரிசெய்வது. அதை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதை 1 முதல் 180 வரையுள்ள ஆக்சிஸ் எண் சொல்கிறது. ஆட் (ADD) என்பது கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கூட்டப்படும் பவர். பவர்கள் 0.25 என்ற படிகளில் ஏறி இறங்கும். குறியை மாற்றிப் போட்டாலோ, 180ஐ 80 என்று தட்டிவிட்டாலோ கண்ணாடி பயன்படாது. சீட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவர் உரக்க வாசிக்க, நீங்கள் ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள்.

சீட்டில் கருவிழித் தூரம் இல்லையென்றால் வீட்டிலேயே அளக்கலாம். மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள ஸ்கேலை எடுத்துக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி முன் ஒரு சாண் தள்ளி நின்று, ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிக் கிடையாகப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணின் கருவிழி நடுவில் பூஜ்யக் கோட்டை நிறுத்துங்கள். தலையும் ஸ்கேலும் அசையாமல், இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, அதன் நடுவில் நிற்கும் கோட்டை வாசியுங்கள். மூன்று முறை அளந்து, ஒத்துவரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இது தூரத்தில் பார்ப்பதற்கானது. வாசிக்கவோ வலை பொத்தவோ மட்டும் கண்ணாடி வேண்டுமென்றால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைய வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தூரப் பார்வை அளவு 54க்கும் 74க்கும் இடையில்தான் அமையும். பவர் கூடக்கூட இந்த அளவில் நேரும் சிறு பிழையும் கண்ணை அதிகமாக வருத்தும். அதனால் பவர் 4ஐத் தாண்டியவர்களும், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் லென்ஸ் தேவைப்படுபவர்களும், பிரேமை முகத்தில் வைத்து, கருவிழி நிற்கும் உயரத்தையும் அளக்கும் கடைக்கே போவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிரேமின் அளவை ஊகிக்க வேண்டியதில்லை. இப்போது பொருத்தமாக இருக்கும் கண்ணாடியின் காதுக் கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். 52, 18, 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். அவை லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கம்பியின் நீளம். கடலுக்குப் போகிறவர்களுக்கும் கருவாடு, மீன் ஏற்றும் வேலை செய்கிறவர்களுக்கும் சாதாரண உலோகப் பிரேமை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில மாதங்களிலேயே பச்சைக் களிம்பு பிடிக்கும். டிஆர் 90 என்ற வளையும் நைலான் வகை ஏற்றது. லென்ஸில், எளிதில் உடையாத பாலிகார்பனேட்டைத் தேர்ந்தெடுங்கள், குழந்தைகளுக்கும் அதுவே. பணம் கட்டும் முன், பவர் லென்ஸைத் திரும்ப எடுப்பார்களா என்ற விதியை வாசித்துவிடுங்கள்.

பார்சல் வந்ததும் கண்ணாடியைக் கையில் நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் நேர்கோட்டைப் பார்த்தபடி இடவலமாக அசையுங்கள். கழித்தல் பவரென்றால் கோடு கூடவே நகரும். கூட்டல் பவரென்றால் எதிர்ப்பக்கம் நகரும். சட்டத்தைச் சக்கரம்போல் மெதுவாகத் திருப்பும்போது கோடு சாய்ந்தால் சிலிண்டர் இருக்கிறது என்று பொருள். எண்ணைத் துல்லியமாக அறிய, அருகிலுள்ள கண்ணாடிக் கடையில் லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சீர்செய்தல். நம் ஊரில் பெரும்பாலும் முதலில் பழுதாவது கீல்தான். வியர்வையும் உப்பும் இறங்கித் திருகாணி துருப்பிடித்துவிடும். கம்பியை மடக்கும்போது கரகரவென்று ஒலித்தால் அதுவே அறிகுறி. நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டை ஊசிமுனையால் தொட்டுக் கீலில் வைத்து ஓர் இரவு விடுங்கள். லென்ஸில் எண்ணெய் படக்கூடாது. மறுநாள் சரியான அளவுள்ள சிறிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். தலை தேய்ந்துபோனால் கடைக்காரருக்கும் எடுப்பது கடினம்.

திருகாணி விழுந்துவிட்டதென்றால், தற்காலிகத்துக்கு நம் கையிலேயே தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, இருக்கிறது. கீலின் ஓட்டைகளை ஒரே நேர்கோட்டில் வைத்து, அதில் இறுக்கமாக நுழையும் கனமுள்ள நரம்பைச் செலுத்தி, இருபுறமும் ஒரு நெல்மணி அளவு விட்டு வெட்டுங்கள். லென்ஸை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, முனைகளைத் தீக்குச்சியின் அனலில் காட்டினால் அவை உருகிக் குமிழாகி நிற்கும். என் சித்தப்பாவின் கண்ணாடி இப்படியே பல வாரம் ஓடியது.

உடனடிப் பசையை மட்டும் பிரேமில் போடாதீர்கள். அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படிந்துவிடும். ஒட்டிய இடமும் வளையாமல் மறுபடி ஒடியும். அந்தப் படலத்தைத் துடைக்க நகப்பூச்சு நீக்கியைத் தொட்டால் பாலிகார்பனேட் லென்ஸே பாழாகும். கச்சான் காற்றில் மணல் படிந்த லென்ஸைக் கைலி முனையால் துடைப்பதும் கீறலில்தான் முடியும். முதலில் தண்ணீர், பிறகு துணி.

மூக்குப் பாலம் இரண்டாகப் போயிருந்தால் வீட்டில் முயல வேண்டாம். லென்ஸ் நன்றாக இருக்குமானால் இரண்டையும் வலம், இடம் என்று குறித்துக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். சற்றே சிறிய பிரேம் ஒன்றுக்கு, கருவிழித் தூரம் பிசகாதபடி, அதே லென்ஸைத் தேய்த்துப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் பிரேமின் விலையும் பொருத்தும் கூலியும் மட்டுமே செலவு.