ஆலை வரும், ஊர் பிழைக்கும்: தோட்டப் பட்டணங்களின் தப்புக் கணக்கு

தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணத்துக்கு வளர்ச்சித் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் எழும் ஆசை, பெரிய தொழிற்சாலை ஒன்று வர வேண்டும் என்பது. ஆசையில் தப்பில்லை. அது வரும் தேதியை நம்பி மற்ற எல்லாவற்றையும் அடுக்குவதுதான் தப்பு. மலேசியாவில் பேரா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் மாலிமையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டோன் கார் கம்பெனியின் ஆலையை நம்பி எழுந்த புரோட்டோன் சிட்டி திட்டம் 1996இல் தொடங்கியது. மறுவருடமே ஆசிய நிதி நெருக்கடி. கார் ஆலை ஓடத் தொடங்கியது 2003இல். இப்படிப்பட்ட இடைவெளியைப் பெரிய கம்பெனி தாங்கும். கடன் வாங்கிக் கடைவீடு எடுத்தவர் தாங்க மாட்டார். ஐந்து வருடம் தாமதமானால் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

சரி, ஆலை வந்துவிட்டது. ‘இத்தனை ஆயிரம் வேலை’ என்று மார்தட்டும் அறிக்கைகள், அந்தச் சம்பளம் எங்கே செலவாகும் என்று சொல்வதில்லை. இருப்பதிலேயே பெரிய ஓட்டை இதுதான் என்பேன். தஞ்சோங் மாலிமுக்கு ரயிலும் உண்டு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் உண்டு. தெற்கே சிலாங்கூரில் உள்ள ரவாங்கில் குடியிருந்துகொண்டே இங்கே வேலைக்கு வந்து போகலாம். அப்படி வருகிறவர் இந்த ஊரில் ஒரு தே தாரேக் குடித்தாலே பெரிது. செம்பனைத் தோட்டங்களிலும் இதே கதைதான்: வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டவர், சம்பளத்தில் பெரும்பகுதி அவர்கள் குடும்பத்துக்குப் போகிறது. போகத்தானே வேண்டும். ஆனால் திட்டக்காரர் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் ஊரின் வருமானமாக எழுத வேண்டும். அப்புறம் கேண்டீன், தொழிலாளர் பஸ், சீருடைத் தையல், துப்புரவு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: இதில் எந்தக் குத்தகை உள்ளூர்க்காரர் கைக்கு வரும்?

இதே ஊரில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். மாணவர்கள் அறை எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், துணி வெளுக்கப் போடுகிறார்கள். செமஸ்டர் விடுமுறையில் கடைகள் காற்று வாங்கும் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஏற்கெனவே ஓடும் இந்த வரவை ஒரு வரியில் தாண்டிவிட்டு, வராத ஆலைக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவது என்ன திட்டம்?

திறன் பயிற்சியையும் ஆலை திறந்த பிறகு தொடங்கக் கூடாது. சான்றிதழ் கைக்கு வரும்போது வேலைகள் நிரம்பியிருக்கும்.

மக்கள் பக்கத்துத் தப்பும் உண்டு. வரைவுத் திட்டத்தை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மலேசியாவில் உள்ளூராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இன்றும் கவுன்சிலர்கள் நியமனம்தான். ஓட்டுப் போட்டுக் கேட்க முடியாததை எழுதித்தான் கேட்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது ஆட்சேபம் எழுதலாம். விற்ற தோட்டம் வரைபடத்தில் வீடமைப்புப் பகுதியாக நிறம் மாறியிருக்கும். அங்கிருக்கும் கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அந்த நிலத்தின் லாட் எண்ணோடு எழுதிக் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.