போர் தண்ணீரின் கடினத்தன்மையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

எங்கள் வீடு சென்னையில் மேடவாக்கம் தாண்டி. குளிக்க, துவைக்க போர் தண்ணீர், குடிக்கக் கேன். மூன்று வருடத்தில் கீசர் காயில் இரண்டு தடவை போய்விட்டது. எலக்ட்ரீஷியன் கழற்றிக் கொடுத்த காயிலில் முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

சரி, கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட்டுவிடலாம் என்று விசாரித்தால், வந்தவர்கள் எல்லோரும் டம்ளரில் டிடிஎஸ் மீட்டரை விட்டு ஓர் எண்ணைக் காட்டினார்கள். கடினத்தன்மை எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே அளக்கக் கற்றுக்கொண்டேன். அரை மணி நேரம் போதும். சாஃப்ட்னருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் எல்லா வீட்டிலும் இதைச் செய்ய வேண்டும்.

எதை வாங்குவது

டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பு மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று அது கணக்குச் சொல்கிறது. சாதாரணச் சோடியம் உப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். சோப்பு நுரைக்காமல் செய்வதும் காயிலில் படிவதும் கால்சியமும் மக்னீசியமும்தான்; அவற்றின் அளவுதான் கடினத்தன்மை. இரண்டு வீட்டில் மீட்டர் 900 என்றே காட்டினாலும், ஒன்றில் கடினத்தன்மை 200, இன்னொன்றில் 500 இருக்கலாம் (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு).

நிறம் மாறும் காகிதப் பட்டைகளையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பல பட்டைகளின் அளவு 400 வாக்கிலேயே முடிந்துவிடும்; நம் பக்கத்து போர் தண்ணீருக்கு அது போதாது. சொட்டு எண்ணும் கிட் வாங்குங்கள். ஒரு சின்ன பாட்டில், மூன்று மருந்து, அவ்வளவுதான்.

தண்ணீர் பிடிப்பது

மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்னால் பிடியுங்கள். மேல்தொட்டியில் லாரித் தண்ணீர் கலந்திருந்தால் அளவு மாறிவிடும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள்.

சொட்டு விடுவது

கிட்டில் சொன்ன கோடு வரை தண்ணீர் எடுத்து, முதலில் பஃபர் (தண்ணீரின் காரத்தன்மையை நிலையாக வைக்கும் மருந்து), அப்புறம் நிறம் காட்டும் மருந்து. தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும். மூன்றாவது மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, சுழற்றிக்கொண்டே எண்ணுங்கள். நீலமானதும் நிறுத்த வேண்டும். சொட்டுக்கு எவ்வளவு என்று தாளில் போட்டிருக்கும். என் கிட்டில் 25.

இங்கேதான் நான் தடுக்கினேன். சிவப்பிலிருந்து நேராக நீலம் வராது. நடுவில் கத்தரிப்பூ நிறம் ஒன்று வரும். அதையே நீலம் என்று நினைத்து 19 சொட்டில் நிறுத்தி, 475 என்று எழுதி வைத்தேன். ஆய்வகத்தில் கொடுத்தபோது 560 வந்தது. மறுபடி பொறுமையாகச் செய்தபோது 22 சொட்டு, அதாவது 550.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் தடவை, வேண்டுமென்றே நாலைந்து சொட்டு அதிகமாக விடுங்கள். துணிக்குச் சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி, சிவப்பின் சாயலே இல்லாமல் நிற்கும். அதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை நிதானமாக எண்ணுங்கள். கீழே வெள்ளைத் தாள் இருக்கட்டும். டியூப்லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் நல்லது. பாட்டிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவாக விழும். கத்தரிப்பூ நிறம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, சொட்டுக்குச் சொட்டு பத்து விநாடி காத்திருங்கள். கடைசிச் சொட்டுகளில் நிறம் மெதுவாகத்தான் மாறும்.

வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்

ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம்.

ஆனால் 200-க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக போர் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள், தயவுசெய்து. பாதாளச் சாக்கடை இல்லாத புறநகர்த் தெருக்களில் செப்டிக் டேங்கும் போரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி எதையும் இந்தக் கிட் காட்டாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமோ, கிண்டி கிங் நிலையமோதான் சரி. கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

சாஃப்ட்னர் போட்ட பிறகு

வெளியே வரும் தண்ணீரையும் இதே கிட்டில் அளந்து பாருங்கள். டிடிஎஸ் குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம், குறையாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். எங்கள் 550-ஐ முழுதாக எடுத்தால் 250-க்கு மேல். அதனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் எடுப்பதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. வெளியே வரும் தண்ணீர் 50-ஐத் தாண்டினால், சாஃப்ட்னர் மறுபடி வேலை செய்ய அதில் உப்புப் போடுகிறேன்.

பிற்சேர்க்கை: மீன் தொட்டிக்கான கிட்டில் அளந்த வாசகர் ஒருவர், 18-தான் வந்தது, எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதியிருந்தார். அது ஜெர்மன் டிகிரி. 17.8-ஆல் பெருக்குங்கள், 320 வரும்.

இன்னொரு பிற்சேர்க்கை: நாற்பது சொட்டு விட்டும் நீலம் வரவில்லை என்றவருக்கு. போர் தண்ணீர் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பாதி கலந்து அளந்து, வந்ததை இரண்டால் பெருக்குங்கள். பேட்டரிக் கடையில் ஆசிட்டும் கிடைக்கும். கேட்டு, லேபிள் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவதாக, ஆர்ஓ கருவி விற்க வந்தவர்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுத்து, பழுப்பாகக் குழம்பியதைக் காட்டி "இதுதான் உங்கள் தண்ணீரில் இருக்கும் அழுக்கு" என்று சொன்னார்கள், உண்மையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பு கரைந்து வருவது. ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் கடத்த உப்பு போதாததால் அது அப்படியே தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.