நாற்பது சேலை டிசைன், ஒரு ராத்திரி: ஏஐ வைத்துப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன செமஸ்டர் ஜூரியில், அதாவது டிசைன் மாணவர்கள் தங்கள் வேலையை ஆசிரியர்கள் முன் வைக்கும் மதிப்பீட்டில், ஒரு மாணவி நாற்பது பட்டுச்சேலை டிசைன்களைத் திரையில் ஓட்டினார். எல்லாமே கண்ணைப் பறித்தன. பார்டர் எத்தனை இன்ச், மயில் எந்த இடத்தில் திரும்ப வருகிறது, கோர்வையா (பார்டரையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் முறை) இல்லையா என்று கேட்டேன், பதில் இல்லை. நாற்பதும் முந்தின ராத்திரி, எழுதிக் கேட்டால் படம் தரும் ஏஐ கருவியான மிட்ஜர்னியில் எடுத்தவை.

ஏஐயைத் தொட்டது தப்பில்லை, நானும் தொடுகிறேன். முதல் வேலையாகத் தொட்டதுதான் தப்பு. முழுசாக முடிந்த ஒரு படம் கண்முன் வந்துவிட்டால் மனசு அதைச் சுற்றியே வரும், வேறு வழி யோசிக்காது. அதற்கு முன்னால் பென்சிலில் பத்துக் கிறுக்கல், அசிங்கமாக இருந்தாலும் சரி, போட்டுவிடுங்கள்.

அடுத்தது, வந்த படத்தை அப்படியே நம்புவது. ஒரு சிக்குக் கோலம் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் கோலம் மாதிரியே இருக்கும், கிட்டே போனால் பல சமயம் ஒரு கோடு பாதியில் நிற்கும், நாலு புள்ளி சுற்றப்படாமல் கிடக்கும், ஏனென்றால் அது புள்ளி எண்ணி இழுப்பதில்லை, லட்சக்கணக்கான படங்களிலிருந்து கோலத்தின் தோற்றத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறது. வாசலில் தினம் கோலம் போடுகிற அம்மா இதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சேலையும் அப்படித்தான்: கோர்வையில் உடலுக்கும் இரண்டு பக்க பார்டருக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி) ஓடும், இது தெரியாமல் வரைந்த டிசைன் தறியில் ஏறாது. தமிழ் எழுத்து வைத்த போஸ்டர் என்றால் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் உரிமை. ப்ராம்ப்ட் (ஏஐக்குக் கொடுக்கும் குறிப்பு) நான் எழுதினேன், படம் என்னுடையது என்று போர்ட்ஃபோலியோவில் போடுகிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் ஆலன் என்பவரின் மிட்ஜர்னி படம் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. குறைந்தது 624 முறை ப்ராம்ப்ட் மாற்றியதாகச் சொல்லியும், அடுத்த வருஷம் அங்கே பதிப்புரிமைப் பதிவு மறுக்கப்பட்டது. எது கருவி செய்தது, எது நீங்கள் செய்தது என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

ஆசிரியர்கள் பக்கமும் கோளாறு உண்டு. ஏஐயா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மார்க் குறைக்கிறார்கள். ஏஐ எழுதிய உரையைக் கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ வெளியிட்ட அப்படியொரு கருவியையே, துல்லியம் போதவில்லை என்று அந்த நிறுவனம் 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. படத்துக்கு மட்டும் என்ன உத்தரவாதம்? ஸ்கெட்ச்புக்கைக் கேளுங்கள், கழித்துப் போட்டதைக் கேளுங்கள்.

அந்த மாணவியிடம் நாற்பதில் ஒன்றே ஒன்றை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றி வரச் சொன்னேன். மூன்று வாரம் பிடித்தது. மயில் தோகை பார்டருக்குள் அடங்கவில்லை என்று அவரே கண்டுபிடித்து, தோகையை மடக்கி வரைந்துகொண்டு வந்தார்.