அறுபதுக்கு மேல் துணி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வு பெற்ற வருஷம் ஆடித் தள்ளுபடியில் ஐந்து சேலை எடுத்தேன். ஐந்தும் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, தோளில் மடிப்பு எடுத்துப் பின் குத்திக் கட்டுகிற ரகம். வீட்டுக்கு வந்து பீரோவில் அடுக்கும்போதுதான் உறைத்தது, இதைக் கட்டிக்கொண்டு இனி எங்கே போகப் போகிறோம் என்று. 34 வருஷம் அலுவலகம் போன பழக்கம், கடையிலும் கை தானாக அந்த அடுக்குக்கே போய்விட்டது. அந்த ஐந்தில் இரண்டு இன்னும் கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் இருக்கின்றன.

வீட்டுக்காரர் கதை நேர் எதிர். அவர் ஓய்வு பெற்றதும் இனித் துணியே எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். "இருக்கிறதைப் போட்டுக் கிழிக்கவே ஆயுசு பத்தாது." சரி. ஆனால் அலுவலகப் பேன்ட் எட்டும் பீரோவில் தொங்க, மனுஷர் ஓட்டை பனியனும் சாயம் போன கைலியுமாக வாசலில் நின்று கூரியர் பையனிடம் கையெழுத்துப் போடுவார். பார்க்கப்போனால் இருவரும் செய்தது ஒரே தவறுதான். இப்போது நம் பொழுது எப்படிப் போகிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

அடுத்த தடவை கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்தேன். 2 வாரம், என்ன உடுத்தினேன் என்று தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். நைட்டி 14 நாளும். காலை நடைக்குச் சுடிதார் 11 நாள். வங்கி, ரேஷன் கடை, கோயில் என்று சாதாரண காட்டன் சேலை 5 தடவை. விசேஷச் சேலை ஒரே ஒரு தடவை, அதுவும் மூன்று மணி நேரம். பீரோவில் இருந்ததோ விசேஷச் சேலை 40க்கு மேல், கிழியாத நைட்டி 2. கையில் இருக்கும் 5,000 ரூபாயை எதில் போட வேண்டும் என்று இதற்கப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டில்தானே இருக்கிறோம், எதுவாக இருந்தால் என்ன என்கிற எண்ணம்தான் முதலில் போக வேண்டும். வேலைக்குப் போனபோது வீட்டுத் துணியில் இருந்தது காலையும் ராத்திரியும்தான். இப்போது நாள் முழுக்க அதிலேயே இருக்கிறோம். நல்ல பருத்தி நைட்டி நாலும், பையன்கள் போடுவது போலக் காலர் வைத்த பருத்தி டி-ஷர்ட் மூன்றும் வாங்கினால் ஒரு பட்டுச் சேலையில் கால்வாசி விலை ஆகாது. வீட்டுக்காரர் டி-ஷர்ட்டுக்கு மாறியபின் கூரியர் பையன் "சார்" என்று கூப்பிடுகிறான். முன்பு "தாத்தா".

அளவு ஜாக்கெட்டை நம்பாதீர்கள்

தையல்காரரிடம் ஒரு பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்து, "இதே மாதிரி தைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வருவது நம் எல்லோருக்கும் வழக்கம். நான் கொடுத்தது பத்து வருஷத்துக்கு முந்தியது. எங்கள் தையல்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது எந்தக் காலத்து அளவும்மா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் டேப் பொய் சொல்லவில்லை. கையின் சுற்றளவில் ஒன்றரை இஞ்சு கூடியிருந்தது, தோள் அரை இஞ்சு குறைந்திருந்தது.

தோள் குறையுமா என்றால், குறையும். வயதாக ஆக முதுகெலும்பின் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் தேய்ந்து உயரம் குறைகிறது, தோள் முன்பக்கமாகச் சரிகிறது, முதுகு லேசாக வளைகிறது. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுப்பக்கம் துணி கூடுதலாகத் தேவைப்படும், முன்பக்கம் குறைவாகப் போதும். ஆண்களின் சட்டை பின்னால் மேலேறி முன்னால் தொங்குவது இதனால்தான். தைக்கக் கொடுக்கும்போது "பின்பக்கம் ஒரு இஞ்சு கூட விடுங்க" என்று சொன்னால் நல்ல தையல்காரருக்குப் புரியும்.

ரெடிமேடில் 40 என்றால் எல், 42 என்றால் எக்ஸ்எல், 44 என்றால் டபுள் எக்ஸ்எல் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு கம்பெனிக்கும் அதிலே ஒரு இஞ்சு முன்னே பின்னே இருக்கும். எழுத்தைப் பார்த்து வெட்கப்படுவதில் அர்த்தமில்லை, லேபிளை யாரும் படிக்கப் போவதில்லை. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று வயிற்றை எக்கிக்கொண்டு பார்க்கிறோம், அதுவும் தவறு. கடையில் இருக்கும் ஸ்டூலில் உட்காருங்கள், கையை மேலே தூக்குங்கள், குனிந்து செருப்பை மாட்டிப் பாருங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது அக்குளில் இழுக்கும் சுடிதாரை இரண்டாம் தடவை போட மாட்டீர்கள்.

"இளைச்சதும் போட்டுக்கலாம்" என்று எடுத்துவைக்கிற துணிக்குக் கடையில் இடம் தராதீர்கள். ஏற்கெனவே பீரோவில் இருந்தால், உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். பழைய தையல்காரர்கள் ஜாக்கெட்டின் இரு பக்கமும் ஒரு இஞ்சாவது விட்டிருப்பார்கள். ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க எங்கள் தெருவில் 40 ரூபாய் வாங்குகிறார்கள். என்னுடைய ஒன்பது ஜாக்கெட் இப்படியே மீண்டது. மதுரையில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், ஆல்டர் வேலைக்கு அங்கே போகிறவர்கள் இப்போதும் உண்டு.

விரல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கும் நாம், காலையில் விரல் மடங்காமல் கொக்கியோடு மல்லுக்கட்டுவதை வெளியே சொல்வதில்லை. என் நாத்தனார் பின்பக்கக் கொக்கி வைத்த ஜாக்கெட்டை ஆசையாகத் தைத்துக்கொண்டார். மகள் வேலைக்குப் போகும் முன் எழுந்து அவசரமாக அதை மாட்டிக்கொள்வார், இல்லாவிட்டால் அன்றைக்கு வெளியே கிளம்புவதே இல்லை. முன்பக்கக் கொக்கி, அதிலும் பெரிய சைஸ் கொக்கியாகக் கேட்டு வையுங்கள், கூலி ஒன்றும் கூடாது. ஆண்களுக்கு ஒட்டுகிற வேட்டி இருக்கிறது. கட்டத் தெரியாத மாப்பிள்ளைகளுக்கு என்று கேலி பேசினோம், பக்கவாதம் வந்து ஒரு கை பலம் குறைந்த என் அண்ணன் அதைத்தான் கட்டுகிறார்.

'காட்டன்' என்று எழுதியிருப்பதெல்லாம்

காசு அதிகம் வீணாவது இங்கேதான். தொங்கவிட்ட துணியில் 'காட்டன்' என்று எழுதியிருக்கும், தொட்டால் மழமழவென்று இருக்கும், விலையும் கம்மி. பாலியெஸ்டர் கலந்ததாக இருக்க வாய்ப்பு நிறைய. நம் வயதில் தோல் மெலிந்து வறண்டு போகிறது, வியர்வைச் சுரப்பிகளும் முன்போல வேலை செய்வதில்லை. உடம்பு தானாகக் குளிர்ந்துகொள்வது சிரமமாகிறபோது, காற்றுப் போகாத துணியைச் சுற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது விளையாட்டு இல்லை.

கடையிலேயே பார்க்க ஒரு வழி. துணியின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கி அரை நிமிடம் கசக்கிவிடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் பருத்தியோ ரேயானோ, உடனே விரிந்துகொண்டால் பாலியெஸ்டர் கலந்தது. வீட்டில் என்றால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். என் ஆடித் தள்ளுபடிச் 'சுத்தப் பருத்தி' ஒன்றில் நான் பார்த்தது அந்த மணிதான். பில்லோடு போனேன். கடையில் வேறு துணி தருவோம், பணம் தர மாட்டோம் என்றார்கள். போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது, பணம் கட்டும் முன் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

ரேயானை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கும், நைட்டிக்கு நல்லது. ஆனால் நனைந்தால் அதன் நூல் பலமிழக்கும், துவைக்கிற கல்லில் அடித்தால் ஆறு மாதம் தாங்காது.

சுங்குடிச் சேலை எங்கள் மதுரைச் சரக்கு, 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது, கட்டினால் உடம்பில் இருப்பதே தெரியாது. கஞ்சி இல்லாமலும் கட்டலாம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடியில் புள்ளி லேசாகக் கோணிக்கொண்டிருக்கும், நடுவில் முடிச்சின் தடம் தெரியும். அச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும். நாள்தோறும் கட்ட அச்சுப் போட்டதே போதும், ஆனால் அசல் விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள்.

கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி இருக்கும். கூட்டத்துக்கு முன், முதல் வாரமே போனால் வெளிர்நிறங்கள் கிடைக்கும். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணி எடுக்கலாம். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும். தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"மூன்று எடுத்தால் 999" என்பதில் மூன்றாவது எப்போதும் நமக்குப் பிடிக்காத கலராகத்தான் இருக்கும். கலர் என்றதும் ஞாபகம் வருகிறது: வயசாகிவிட்டது என்று சாம்பலும் மண்ணுமாகவே எடுப்பது யார் போட்ட சட்டமோ தெரியவில்லை. நரைத்த தலைக்கு மயில்கழுத்து நிறம் எவ்வளவு எடுப்பு என்று கட்டிப் பார்த்தால் தெரியும். நாலு பேர் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். என் தங்கை கணவர் போன பிறகு மூன்று வருஷம் வெளுத்த சேலையே கட்டினாள். போன பொங்கலுக்குப் பச்சை எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய பிறகு

புதுப் பருத்தியைத் தண்ணீரில் நனைக்காமல் தைக்கக் கொடுக்காதீர்கள். ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் அங்கேயே சுருங்கிவிடும். என் சுடிதார் ஒன்று முதல் துவைப்பில் ஒன்றரை இஞ்சு ஏறி, முழங்காலுக்கு மேலே வந்து நின்றது.

சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் நனைப்பது நம் அம்மா காலத்து வைத்தியம். அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சாயப்பட்டறையில் உப்பு போடுவது சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு, பிடித்துவைப்பது சோடா காரத்தின் வேலை. அங்கே பிடிக்காத சாயம் வீட்டு உப்புக்குப் பிடிக்காது. முதல் மூன்று துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்துவிட்டால் கழன்று போகிற சாயம் போய் மிச்சம் நிற்கும்.

பழைய காட்டன் சேலைகளைப் பாத்திரக்காரருக்குப் போடும் முன் விரித்துப் பாருங்கள். கொசுவம் வருகிற இடமும் கீழ் ஓரமும்தான் நைந்திருக்கும், முந்தானைப் பக்கம் புதுசாகவே இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலை நல்ல நிலையில் இருந்தால் இரண்டு நைட்டி தைக்கலாம், தையல் கூலி மட்டும்தான் செலவு. நைட்டியை மட்டும் கணுக்காலுக்கு இரண்டு இஞ்சு மேலே நிறுத்தச் சொல்லுங்கள். மாடிப்படியில் ஏறும்போது காலில் மிதிபட்டு விழுந்தால் அந்த இரண்டு இஞ்சுத் துணி எந்த மூலைக்கு?

செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். சர்க்கரை உள்ளவர்கள் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு கேட்டு வாங்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைக் குளியலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பை வைப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் சட்டையின் மேல் பையில் போன் வைத்துக் குனிந்து, இரண்டு தடவை போனின் கண்ணாடியை உடைத்தார். இரண்டாம் தடவை மாற்றிய செலவில் நாலு சட்டை எடுத்திருக்கலாம். இப்போது அரைக்கைச் சட்டைகளுக்கெல்லாம் இடுப்புப் பக்கம் உள்பை வைத்துத் தரச் சொல்லியிருக்கிறோம், சட்டைக்கு 30 ரூபாய். என் நைட்டிகளுக்கும் பக்கவாட்டில் பை உண்டு. சாவி, போன், ரத்த அழுத்த மாத்திரை மூன்றும் அதில்தான்.