பாடி ஆடும் மூவர் குழுவை ஓட வைப்பது எப்படி: ஒரு நடுக்குரல்காரியின் யோசனைகள்

எங்கள் மூவர் குழுவில் நான் நடுக்குரல். மேலே பாடுபவளுக்குக் கைதட்டல், கீழே பாடுபவளுக்கு ஓர் 'அடேயப்பா', எனக்குக் கணக்கு நோட்டு. மூவரும் மியூசிக்கல் நாடகங்களில் தனித்தனியே நடித்துப் பிழைப்பவர்கள். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஆடிஷன் பலிக்கும்வரை சோறு போடுவது இந்தக் குழுதான். இப்படியொன்றை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆள் சேர்க்கும்போது நடுக்குரலை முதலில் பிடியுங்கள். நான் நடுக்குரல் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான். பெரிய குரல்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். பக்கத்தில் ஒருத்தி மெலடியை அள்ளிக்கொண்டு போகும்போது, ஒரே சுரத்தில் நான்கு பார் (தாள வட்டம்) நின்று அரைச்சுரம் மட்டும் இறங்கத் தெரிந்தவர் அபூர்வம். மெலடி உச்சிக் குரலில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகியர் மூவரான ஆண்ட்ரூஸ் சகோதரிகளில் பேட்டி மெலடியைப் பாட, மேக்சீன் அதற்கு மேலே, லவர்ன் கீழே. பாட்டுக்குப் பாட்டு யார் எங்கே என்று மாற்றிப் பாருங்கள்.

முதல் ஒத்திகைகளில் ஆட்டம் வேண்டாம், பக்கவாத்தியமும் வேண்டாம். நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு நீண்ட உயிரொலியையும் ஒரே வாய்வடிவில் பாடிப் பழகுங்கள். சுருதி சேரவில்லை என்று தோன்றும் பாதி இடங்களில் உண்மையில் சேராதது வாய்தான். சொல் 'ஸ்' என்று முடிந்தால் ஒருவர் மட்டும் அதை உச்சரித்தால் போதும். மூவரும் சொன்னால் பாம்பு சீறும். எந்த எண்ணிக்கையில் சொல்லை நிறுத்துவது, எங்கே மூச்சு எடுப்பது என்பதைத் தாளில் எழுதிவிடுங்கள்.

நடன அமைப்பாளரிடம் அந்தத் தாளோடு போங்கள். நீண்ட சுரம் பிடிக்கும் இடத்தில் சுழற்சி வைக்கக் கூடாது; கடினமான அசைவெல்லாம் வரி முடிந்த பிறகு, இசை மட்டும் ஓடும் எட்டு எண்ணிக்கைக்குள். கையில் பிடிக்கும் மைக்கா, தலையில் மாட்டும் மைக்கா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். கை மைக் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு கைதான், அதுவும் மூவருக்கும் ஒரே பக்கக் கையாக இருக்க வேண்டும். மூச்சுப் பலத்துக்கு, முழுப் பாட்டையும் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு பாடுங்கள். அசிங்கமாக இருக்கும். யாரும் பார்க்காத அறை நல்லது.

இனி முக்கியமான விஷயம். உங்களில் ஒருத்திக்கு நாடகம் கிடைக்கும். நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் வழக்கம் வாரத்துக்கு 8 காட்சிகள். மிஞ்சும் ஒரே ஓய்வு நாளில் அவள் குரலைக் கேட்பது பாவம். அவள் போகட்டும் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு, மாற்று ஆளுக்கு என்ன சம்பளம், திரும்பி வந்தால் இடம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

பெரிய நாடகங்களில் 'ஸ்விங்' என்று ஒருவர் உண்டு. தினமும் மேடையேற மாட்டார், ஆனால் குழு நடனக்காரர்களில் யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் ஏறுவார். பலருடைய ஹார்மனி (மெலடியோடு இசைந்து பாடும் துணைக்குரல்), நிற்கும் இடம், உடை மாற்றும் நேரம் எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அதேபோல எங்கள் நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று நிறம். மேடை நடு பூஜ்யம், இரு பக்கமும் எண்கள், யார் எந்த எண்ணில் என்ற குறிப்பு. மூவரும் மூன்று குரலையும் கற்றிருப்பதால், மாற்று ஆள் எந்தக் குரலோடு வந்தாலும் நாங்கள் நகர்ந்து இடம் கொடுக்க முடிகிறது.

மூன்றாவது இடம் காலியாவது பெரிய குழுக்களுக்கும் நேர்ந்ததுதான். ஆண்ட்ரூஸ் சகோதரிகளில் லவர்ன் 1967-இல் இறந்தார். மேக்சீனும் பேட்டியும் 1974-இல் பிராட்வேயில் நடித்த 'ஓவர் ஹியர்!' நாடகத்தின் கதையே, மூன்றாவது குரலைத் தேடும் இரண்டு சகோதரிகளைப் பற்றியது.

பணத்தில் செலவு போக மூன்று சம பங்கு. கடிதம், பேரம், பயண ஏற்பாடு பார்ப்பவளுக்கு அதற்கு மேல் ஒரு சிறு பங்கு. நட்புக்காக இதை விட்டுக்கொடுத்தால் நட்புதான் முதலில் கெடும். குழுவின் பெயரும், எழுதி வாங்கிய ஹார்மனி அமைப்புகளும் யாருக்குச் சொந்தம் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

நாடகப் பாடல்களைக் கச்சேரியாகப் பாட அரங்கத்தின் பொது உரிமமே பல இடங்களில் போதும். பாத்திர உடை, வசனம், காட்சி என்று இறங்கினால் 'கிராண்ட் ரைட்ஸ்' எனும் நாடக உரிமையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக வீடியோ. வெட்டு இல்லாமல், ஒரே நிலையில் வைத்த கேமராவில், ஒரு முழுப் பாட்டு. முகங்களை மட்டும் நெருக்கிக் காட்டாதீர்கள். கால் தெரியாவிட்டால், ஆடத் தெரியாதவர்கள் என்றே நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் எடுத்துக்கொள்வார்.