கெட்டுப்போன பயாஸ்தானே என்று அழித்துவிடாதீர்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பினாங்கில் எப்போது இடி இறங்கும் என்று சொல்ல முடியாது. பட்டர்வொர்த் தம்பி ஒருவனுக்கு அது பயாஸ் அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இறங்கியது. பயாஸ் என்பது பவர் போட்டதும் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் புரோகிராம், மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்புக்குள் இருக்கும். வீட்டு மெயின் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிட்டது. கரண்ட் திரும்பியபோது மின்விசிறிகள் சுற்றின, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அவன் அசரவில்லை. ஆன்லைனில், அந்தச் சிப்பைப் படித்து எழுதும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் ஒன்றும், அதைச் சிப்பின் கால்களில் கவ்வ வைக்கும் கிளிப்பும் வாங்கினான். இரண்டு வீடியோ பார்த்தான். சிப்பை அழித்தான். நிறுவனத்தின் தளத்தில் இறக்கிய ஃபைலை எழுதினான். அதன் பிறகு மின்விசிறிகூட இரண்டு வினாடிக்கு மேல் சுற்றவில்லை. ஜெலுத்தோங்கில் என் மேசைக்கு அந்த மதர்போர்டு வந்து சேர்ந்த கதை இதுதான்.

"பழசை ஒரு காப்பி எடுத்து வெச்சியா தம்பி?"

"எதுக்குண்ணே? அதான் கெட்டுப்போச்சே."

இந்தப் பதிலை நான் வேறு வேறு வாய்களில் நிறையக் கேட்டுவிட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்த நியாயம் நிற்காது.

இன்டெல் மதர்போர்டில் இருக்கும் 16 எம்பி சிப்பை ஒரே புரோகிராம் என்று நினைக்கக் கூடாது. அது அறை அறையாகப் பிரிந்த வீடு. முதல் அறையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிஸ்கிரிப்டர். இன்னொன்றில் மேனேஜ்மென்ட் எஞ்சின், அதாவது பிராசஸரைச் சாராமல் தனியாக ஓடும் இன்டெல்லின் குட்டிக் கட்டுப்பாட்டுப் புரோகிராம். இன்டெல் நெட்வொர்க் உள்ள மதர்போர்டுகளில் (இனி பலகை என்றே சொல்கிறேன்) அதன் மேக் முகவரிக்கு, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, தனியாக ஒரு சின்ன அறை. மிச்சம்தான் நாம் பயாஸ் என்று சொல்வது. அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் கெடுவது கடைசி அறை மட்டும். அதைத் தளத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பலகையின் சீரியல் நம்பர், யுயுஐடி என்னும் அடையாள எண், மேக் முகவரி, லேப்டாப் என்றால் விண்டோஸ் சாவி, இவை எந்தத் தளத்திலும் கிடைக்காது. பெரும்பாலும் இருக்கும் ஒரே பிரதி அந்தச் 'செத்த' சிப்புக்குள்தான். வின்பாண்ட் போன்ற நிறுவனங்களின் சிப்புகளை ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம் என்று அவற்றின் தரவுத்தாளே சொல்கிறது. முதல் அழிப்பு ஒன்றைத்தான் திரும்பப் பெற முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். புரோகிராமர் தேவையே இல்லாத வேலைக்குப் பலர் புரோகிராமர் வாங்குகிறார்கள். பலகையின் பின்பக்கம் பாருங்கள். ஆசுஸில் பயாஸ் ஃப்ளாஷ்பேக், எம்எஸ்ஐயில் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ் பிளஸ் இருக்கிறதா என்று. இருந்தால் ஒரு பென்டிரைவும் பவர் சப்ளையும் போதும். நம் தம்பியின் பலகை பழசு, அதில் அந்த வசதி இல்லை. சரி, கிளிப்பை எடுப்போம்.

வோல்டேஜ் என்னும் வில்லன்

அந்தக் கறுப்பு புரோகிராமரில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது, அதை நம்பி எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பயாஸ் சிப்பின் மின்னூட்டக் காலுக்கு மட்டும் 3.3 கொடுக்கிறது. சிஎச்341ஏ தானே 5 வோல்ட்டில் ஓடுவதால், பழைய வடிவமைப்பில் அதன் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்தான் வரும். வின்பாண்டின் 25க்யூ வரிசைச் சிப்புகளில் எந்தக் காலிலும் மின்னூட்ட வோல்டேஜுக்கு மேல் 0.4 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 3.7. பலமுறை சிப் பொறுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சிப் பலகையிலேயே இருக்கும்போது அந்தக் கம்பிகள் பலகையின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சிப்பான சிப்செட் வரைக்கும் போகின்றன. இருபது ரிங்கிட் சாமானை நம்பி சிப்செட்டைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. புரோகிராமரை யுஎஸ்பியில் செருகுங்கள், சாக்கெட்டில் தரவுக் கால்களை அளந்து பாருங்கள். 5ஐ ஒட்டி வந்தால் இரண்டு வழி உண்டு. சிஎச்341ஏவின் 28ஆம் காலைப் பலகையிலிருந்து தூக்கி, அதையும் 9ஆம் காலையும் 3.3 வோல்ட்டில் சேர்ப்பது ஒன்று. கை நடுங்குபவர்களுக்கு, வோல்டேஜ் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ள புதிய புரோகிராமரை வாங்குவது இன்னொன்று. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

இதைவிட மோசம், 1.8 வோல்ட் சிப்பை 3.3 என்று நினைத்து மாட்டுவது. ரைசன் பலகைகளிலும் கொஞ்ச வருடமாக வரும் லேப்டாப்களிலும் 1.8 வோல்ட் சிப் சர்வ சாதாரணம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம் காட்டும். 25க்யூ64எஃப்வி என்றால் 3.3, 25க்யூ64எஃப்டபிள்யூ என்றால் 1.8. மேக்ரோனிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யு என்றால் 1.8. கிகாடிவைஸில் 25க்யூ 3.3, 25எல்க்யூ 1.8. 1.8 வந்தால் நடுவில் அதற்கென்று விற்கும் அடாப்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

அந்த எழுத்தைப் படிப்பதே ஒரு வித்தை. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ தமிழ்ப் பெண்கள் பாயான் லெப்பாஸ் பக்கம் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்தார்கள். என் பெரியம்மா அவர்களில் ஒருவர். அவர் சொல்லிக் கொடுத்தது: எழுத்து தெரியவில்லை என்றால் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காதே, பக்கவாட்டில் சாய்த்து அடி. கைப்பேசி விளக்கைச் சிப்போடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும்.

கிளிப், கால், கடற்காற்று

சிப்பின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும். அது முதல் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அங்கேதான் வர வேண்டும். எளிதுதானே? ஒரு நாள் பேசிக்கொண்டே திருப்பி மாட்டினேன். நான்காம் கால் தரை (கிரவுண்ட்), எட்டாம் கால் மின்னூட்டம், திருப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். விரல் வைத்துப் பார்த்தபோது சிப் தேநீர்க் குவளை மாதிரிச் சுட்டது. அன்றைக்கு அது பிழைத்தது என் அதிர்ஷ்டம். அதிலிருந்து கிளிப்பை மாட்டுவேன், யுஎஸ்பியைச் செருகும் முன் இன்னொரு முறை புள்ளியைத் தேடுவேன், பக்கத்தில் யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டேன்.

கிளிப் மாட்டியும் சிப்பைக் காணவில்லை என்று மென்பொருள் சொன்னால் உடனே சிப் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். தீவில் கடற்காற்று, புழுக்கம். பத்து வருடப் பலகையின் கால்களில் மங்கலாக ஒரு படலம் ஏறியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்தேய்ப்பானும் போட்டுத் தேய்த்தால் பாதி 'செத்த' சிப்புகள் உயிரோடு வரும்.

இன்னொரு காரணம், பலகையே மின்சாரத்தை உறிஞ்சுவது. கிளிப் வழியாகப் போகும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்காமல் மற்ற பாகங்களுக்கும் கசியும், சிப்செட் அரைத்தூக்கத்தில் எழுந்து அதே கம்பிகளில் பேசத் தொடங்கும். எனவே பவர் சப்ளை வயரைக் கழற்றி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, பலகையில் உள்ள காசு வடிவப் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். சிலர் சிப்புக்குக் கரண்ட் போதவில்லை என்று பவர் சப்ளையைப் போட்டுக்கொண்டே படிக்கிறார்கள். வேண்டாம். அப்படியும் ஒத்துவராத பலகைகள் உண்டு, அங்கே சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் கருவி வைத்துச் சிப்பைக் கழற்றுவதுதான் வழி.

படித்ததை நம்பாதீர்கள்

தம்பி செய்யாத வேலை இது. செய்பவர்களும் பாதிதான் செய்கிறார்கள். 'ரீட்' அழுத்தினார்கள், ஃபைல் வந்தது, சேமித்தார்கள். அந்த ஃபைல் நிஜமா? மூன்று முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் கிளிப்பைக் கழற்றி மாட்டி. மூன்றின் ஹாஷ் மதிப்பும், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணும், ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிட் தள்ளியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஒத்துப்போனாலும் நிம்மதி வேண்டாம். தொடர்பே இல்லாத கிளிப் மூன்று முறையும் ஒரே மாதிரி வெறும் எஃப்எஃப் அல்லது வெறும் 00 தரும், ஹாஷும் அழகாக ஒத்துப்போகும்!

ஆகவே ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து கண்ணால் பாருங்கள். டிஸ்கிரிப்டர் உள்ள இன்டெல் பலகை என்றால் ஹெக்ஸ் 10ஆம் இடத்தில் 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் இருக்க வேண்டும். 16 எம்பி சிப் என்றால் ஃபைல் 16,777,216 பைட், ஒன்று கூடவோ குறையவோ கூடாது. அப்புறம் அதை இரண்டு இடத்தில் சேமித்து, பலகையின் மாடலும் தேதியும் பெயரில் வையுங்கள். 'புதுசு1', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைத்தவன் நான், சிரிக்காதீர்கள்.

எந்த ஃபைல்?

தம்பியின் பலகை இரண்டு வினாடியில் நின்றதற்குக் காரணம் அவன் எழுதிய ஃபைலின் அளவு. 16,779,264 பைட். சிப்பைவிட 2,048 பைட் அதிகம். கேப் என்று முடியும் பல ஃபைல்களின் முன்னால் இப்படி ஒரு தலைப்பு ஒட்டியிருக்கும், அது அப்டேட் மென்பொருளுக்கான உறை. உறையோடு எழுதினால் உள்ளே எல்லாமே 2,048 பைட் தள்ளிப் போய் உட்காரும், பிராசஸர் தேடும் இடத்தில் தேடுவது இருக்காது. ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மென்பொருள் எச்சரித்ததாம், ஓகே அழுத்தினானாம். பயாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் திறந்து, கேப்சூல் என்னும் அந்த உறைக்குள் இருக்கும் உடலை மட்டும் தனியாக எடுத்து எழுத வேண்டும்.

லேப்டாப் ஃபைல்களில் இன்னொரு வம்பு. பலவற்றில் பயாஸ் அறை மட்டும்தான் இருக்கும், மற்ற அறைகள் இருக்காது. அதை எடுத்த காப்பிக்குள் உரிய இடத்தில் பொருத்தி எழுத வேண்டும், காப்பி ஏன் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிலவற்றில் இரண்டு சிப் இருக்கும். திங்க்பேட் எக்ஸ்230இல் 8 எம்பி ஒன்று, 4 எம்பி ஒன்று. எதிலிருந்து எதைப் படித்தோம் என்று மாறிப்போனால் தலைவலிதான்.

இணையத்தில் யாரோ ஏற்றிய அதே மாடலின் ஃபைலை அப்படியே எழுதுபவர்களும் உண்டு. பலகை எழும். கூடவே யாரோ ஒருவரின் சீரியல் நம்பரும், அவர் பலகைக்கென்று அமைந்த மேனேஜ்மென்ட் எஞ்சின் தரவும் வந்து உட்காரும். எஞ்சின் பகுதி கெட்டிருந்தால் விசிறி முழு வேகத்தில் அலறலாம், சில தலைமுறைப் பலகைகள் 30 நிமிடம் ஆனதும் தாமாகவே அணையும். ரேமை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள், தவறு சிப்பில் இருக்கும்.

மாற்றி எழுதப் போகிறவர்களுக்கு

பழைய இன்டெல் இசட்77 பலகையில் என்விஎம்இ என்னும் புது வகை வேக எஸ்எஸ்டி டிரைவிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று பயாஸ் ஃபைலுக்குள் அதற்கான டிரைவரைச் செருகுவது, இப்போது பலருக்கும் உள்ள ஆசை. செய்யலாம். யுஇஎஃப்ஐடூலின் புதிய வரிசைப் பதிப்புகள் பார்க்க மட்டும்தான், மாற்றி எழுத 0.28 போன்ற பழைய பதிப்புதான் வேண்டும். சேமித்த ஃபைலை மறுபடி திறந்து, நீங்கள் செருகியது தவிர வேறு ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். டிரைவரும் லோகோவும் மைக்ரோகோடும் (பிராசஸருக்கான திருத்தங்கள்) ஒரே மூச்சில் மாற்றி, எழாவிட்டால் எதைக் குறை சொல்வீர்கள்?

2013இல் வந்த ஹாஸ்வெல் பிராசஸர் முதல் இன்டெல்லில் பூட் கார்ட் உண்டு, பயாஸை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று சரிபார்க்கும் காவல் அது. தயாரிப்பாளர் அதை முழுதாகப் பூட்டியிருந்தால் சரிபார்க்கும் சாவி சிப்செட்டுக்குள் எரித்து வைக்கப்பட்டிருக்கும், அது காக்கும் பகுதியை நீங்கள் தொட்டால் பலகை எழாது. எந்தப் புரோகிராமராலும் அதை மாற்ற முடியாது. மற்றவர் லேப்டாப்பைத் தொடும் முன், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான மீட்புச் சாவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். சாவி இல்லை என்றால் அவர்களின் படங்கள் போனது உங்கள் கணக்கில்தான்.

தம்பியின் பலகைக்கு உறையை நீக்கி எழுதினேன், எழுதியதைச் சரிபார்த்தேன், ஒரு ரேம் மட்டும் போட்டு பவர் கொடுத்தேன். எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது. திரை கறுப்பு. தம்பியின் கை சுவிட்சுக்குப் போனது. புதிதாக எழுதியதும் இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆகும், ரேமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கி மறுபடி கெடுத்தவர்கள் உண்டு. "போய் ரெண்டு தே தாரேக் கட்டிட்டு வா" என்று கீழே மாமாக் தேநீர்க் கடைக்கு அனுப்பினேன்.

அவன் திரும்பி வந்தபோது பயாஸ் திரை வந்திருந்தது. சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'டீஃபால்ட் ஸ்ட்ரிங்' என்று இருந்தது. மேக் முகவரி 88-88-88-88-87-88. சொந்த முகவரி அழிந்துபோன இன்டெல் நெட்வொர்க்கில் வரும் பொது எண் அது. இதே எண்ணோடு இன்னொரு பலகை அதே ரூட்டரில் வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பழைய எண் பலகையில் எங்காவது ஸ்டிக்கரில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அவ்வளவு எட்டு இருக்கேண்ணே, சீனனுக்கு எட்டுதானே ராசி. அவன் பார்த்தா இதுக்கே காசு கொடுப்பான்."