வழிகாட்டிப் புத்தகத்தில் முதலில் ஆண்டைப் பாருங்கள்

இராமேஸ்வரம் பக்கம் கிளம்பும்போது கையில் பயண வழிகாட்டி இருந்தால், அது அச்சான ஆண்டை முதலில் பாருங்கள். 2017-க்கு முந்தையது என்றால் தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு மணலில் வேன்தான் போகும் என்றிருக்கும், இப்போது கடைசி வரை தார்ச்சாலை. பாம்பனில் ரயிலும் 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாலத்தில்தான் ஓடுகிறது.

அப்புறம், சாப்பாட்டுப் பக்கத்தில் கீழக்கரைத் தொதல் இருக்கிறதா? தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி போட்டு எண்ணெய் பிரியும்வரை கிண்டி எடுத்த கருத்த இனிப்பு, தொட்டால் விரலில் பளபளவென்று ஒட்டும். அதைச் சொல்லாத புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.

பின்னட்டையின் உள்பக்கத்தில் காற்றின் பெயர்களைப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கரையில் வலைச் சிக்கெடுப்பவரிடம் "அண்ணே, இன்னைக்குக் கச்சானா?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.